நாலரை மீட்டர் கம்பி

பாலித்தீன் உறையைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்தால் கேங் கண்டென்சர் மட்டும் 'டொக்'கென்று விழும். மற்றவை விழுந்த சத்தமே கேட்காது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், இரண்டு ரெசிஸ்டர், துவரம்பருப்பு அளவில் ஒரு பீங்கான் கண்டென்சர். கூடவே, வளையமாகச் சுருட்டி நூல் கட்டிய செம்புக் கம்பி. அந்தக் கம்பியைக் காயிலாகச் சுற்றி முடித்தால் மொத்தம் ஏழு உறுப்புகள். இந்த ஏழும் சேர்ந்தால் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர்.

'மிச்சிகன் மைட்டி மைட்' என்று இதற்குப் பெயர். அமெரிக்க ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் உரையாடுகிறவர்கள், பல பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டிருக்கும் சர்க்யூட். பேச்சு போகாது, பாட்டு போகாது. மோர்ஸ் சாவியை அழுத்தினால் அலை கிளம்பும், விட்டால் நிற்கும். 12 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய அரை வாட் வரும். பூஜையறையில் இரவெல்லாம் எரிகிற குட்டி எல்.இ.டி. பல்பு அவ்வளவுதான் தின்னும். உரிமமும், உயரத்தில் கட்டிய நல்ல ஆண்டெனாவும் இருந்தால் அந்த அரை வாட்டை வைத்துக்கொண்டு இரவில் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு மோர்ஸில் உரையாட முடியும். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள எத்தனையோ கிட்டுகள் கிடைக்கின்றன. கண்சிமிட்டும் விளக்கு, கைதட்டினால் எரியும் விளக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம். எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றில் உறுப்புகள் எல்லாமே எங்கோ ஓர் ஆலையில் செய்து முடிக்கப்பட்டு வந்தவை. கோத்துக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை. டிரான்ஸ்மிட்டர் கிட்டில்தான் ஓர் உறுப்பை நம் கையாலேயே செய்ய வேண்டியிருக்கிறது. அது காயில். இந்தக் கலையின் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

காயிலுக்கு ஒன்றேகால் அங்குல விட்டத்தில் ஓர் உருளை வேண்டும். கேமரா ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பா இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். ஸ்டூடியோக்காரர்கள் அதைக் கூடை கூடையாகத் தூக்கிப் போட்ட காலம் போய்விட்டது. இப்போது மாத்திரை டப்பா அகப்பட்டால் அதில் சுற்றுகிறேன். இல்லையென்றால் 32 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு. கம்பி 22-ஆம் நம்பர் எனாமல் கம்பி. சுற்று 45. ஒரு சுற்றுக்குப் பத்து சென்டிமீட்டர் பிடிக்கும். ஆக நாலரை மீட்டர் கம்பி. சுற்றி முடித்தபின் அத்தனையும் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

சுற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கம்பியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, முழு நீளத்தையும் அறைக்குக் குறுக்கே இழுத்து நேராக்க வேண்டும். ஒரு தடவை லேசாக விண்ணென்று இழுத்துவிட்டால் சுருட்டலின் நினைவெல்லாம் கம்பியைவிட்டுப் போய்விடும். மறுமுனையை டப்பாவில் போட்ட சின்னத் துளைக்குள் கோத்துக்கொண்டு, டப்பாவை இரு கையாலும் உருட்டியபடி ஜன்னலை நோக்கி நடக்க வேண்டும். பாவோடும் நெசவாளியின் நடைதான் இது. அவசரம் ஆகாது. கம்பி ஒருபோதும் தொய்யக் கூடாது. தொய்ந்தால் ஒரு சுற்று இன்னொன்றின் தோளில் ஏறிவிடும். கட்டைவிரலை வந்து விழும் கம்பியின் மேலேயே வைத்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பக்கத்தில் ஒட்டி உட்காருவது தோலுக்குத் தெரியும். நான் வாய்விட்டு எண்ணுவேன். இருபதைத் தாண்டும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஓட்டமாகவும் சுற்றிவிட முடியாது. இடையில் ஓரிடத்தில் நிறுத்தி, கம்பியை வெட்டாமல், ஒரு சின்னக் காதுபோல மடித்து முறுக்கி வெளியே நீட்டிவிட்டு மேற்கொண்டு சுற்ற வேண்டும். இதை 'டேப்' என்பார்கள். 45 முடிந்ததும் அதன்மேல் ஐந்தாறு சுற்றில் இன்னொரு காயில். ஆண்டெனாவுக்குப் போகும் சக்தியை எடுத்துக்கொடுப்பது அது.

நன்றாகச் சுற்றிய காயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எனாமலுக்கு அடியில் செம்பு தேன்நிறத்தில் தெரியும். ஒரே ஓர் ஒளிக்கோடு காயிலின் தலையிலிருந்து கால்வரை நேராக இறங்கும். ஒரு சுற்று பிசகியிருந்தாலும் அந்த இடத்தில் கோடு ஒடியும். தேர்ந்த கைக்கும் அவசரக் கைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மீட்டரும் இல்லாமல் இந்தக் கோடு சொல்லிவிடும்.

கம்பியின் மேலிருக்கும் எனாமல் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். முனைகளிலும் காதிலும் அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் செம்பு இளஞ்சிவப்பாகத் துலங்கிய பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும். நான் முதலில் கட்டிய மைட்டி மைட் இதனால்தான் பேசவில்லை. இரண்டு மாலை முழுதும் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். பேட்டரி வோல்ட்டேஜ் சரி. டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் சரி, பேஸ் காலில் சரி. எங்கே முள்ளை வைத்தாலும் இருக்க வேண்டியது இருந்தது, அலை மட்டும் இல்லை. மூன்றாம் நாள் கிரிஸ்டலுக்குப் போகும் காயில் முனையை இடுக்கியால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஈயத்துக்குள் கம்பி சுழன்றது! எனாமல் சரியாகப் போகாத கம்பியைச் சுற்றி ஈயம் ஓர் உறைபோல மூடியிருந்ததே தவிர, ஒட்டவே இல்லை. கண்ணுக்கு இணைப்பு, மின்சாரத்துக்குச் சுவர். அந்த வழியாகப் பேட்டரியின் நேர்மின்சாரம் போவதில்லை, அலை மட்டுமே போகும் என்பதால் நான் வோல்ட்டேஜ் அளந்த இடங்களில் அந்தக் குறை தெரியவே இல்லை. ஒரே கம்பிக்குள் இரண்டு மின்சாரங்கள், தனித்தனி வழியும் தனித்தனி நியாயமும் கொண்டு ஓடுகின்றன என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அன்று உறைத்தது.

அந்த முனை ஏன் அவ்வளவு முக்கியம்? டிரான்சிஸ்டர் பெருக்கித் தரும்போது அலையைத் தலைகீழாக்கித்தான் தரும். ஏற்றத்தை இறக்கமாக, இறக்கத்தை ஏற்றமாக. அதை அப்படியே பேஸுக்குத் திருப்பிவிட்டால் தன்னைத் தானே அமுக்கிக்கொள்ளும். இங்கேதான் அந்தக் காது வருகிறது. காதில் பேட்டரியைக் கட்டிவிட்டால், காயிலின் இரு முனைகளும் கிணற்று ஏற்றத்தின் துலாபோல ஆகிவிடுகின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒரு முனையில் கலெக்டர். மறுமுனையிலிருந்து கிரிஸ்டல் வழியாக பேஸுக்கு ஒரு பாதை. டிரான்சிஸ்டர் கவிழ்த்ததைக் காயில் நிமிர்த்திக் கொடுக்கிறது. போன அலை சரியான வேளையில் திரும்பி வந்து அடுத்த அலையின் முதுகைத் தள்ளுகிறது. தனக்குத் தானே கைகொடுத்து ஆடும் ஊஞ்சல் என்று சொல்லலாம்.

சரி, முதல் தள்ளு யாருடையது? யாருடையதும் இல்லை. எந்த உறுப்பிலும் வெப்பத்தினால் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. அதனால் மிக நுண்ணிய ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கும். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்திலிருந்து கிரிஸ்டல் தன் சுருதியை மட்டும் பொறுக்கி அனுப்புகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. பெருகியது மறுபடி கிரிஸ்டலுக்கு வருகிறது. கண்ணிமைப்பதற்குள் இரைச்சல் சுருதியாகிவிடுகிறது. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் இது புதிதாக நிகழ்கிறது என்பதை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் அந்தச் சின்னப் பலகையின்மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

கிரிஸ்டலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. நகக்கண் அளவுத் தகர டப்பா. அதற்குள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய குவார்ட்ஸ் சில்லு. மின்அழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் நெளியும், நெளித்தால் மின்அழுத்தம் கொடுக்கும். நெளித்தால் மின்அழுத்தம் பிறக்கும் என்பதைப் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். சில்லின் கனம்தான் அதன் சுருதி. மைட்டி மைட்டில் வழக்கமாகப் போடுவது நொடிக்கு 35,79,545 முறை அதிரும் சில்லு. இந்த விசித்திரமான எண் அமெரிக்கக் கலர் டி.வி.யிலிருந்து வந்தது. 1953-இல் அங்கே கலர் ஒளிபரப்புக்கு விதி வகுத்தபோது, நிறத்தைச் சுமந்து செல்லும் துணை அலைக்கு இந்த அதிர்வெண்ணை நிர்ணயித்தார்கள். அப்புறம் கோடிக்கணக்கான டி.வி. பெட்டிகளில் இதே கிரிஸ்டல். நம் நாட்டு டி.வி. வேறு முறையைச் சேர்ந்தது. அதன் கிரிஸ்டல் 4.43 மெகாஹெர்ட்ஸ். ஆனாலும் 3.58 நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது, பட்டன் டெலிபோன் வழியாக. எண்ணை அழுத்தினால் ஒலிக்கும் இரட்டைச் சுரத்தை உண்டாக்கும் ஐ.சி.க்கு இதே கிரிஸ்டல்தான் கடிகாரம். வீட்டில் செத்துக் கிடக்கும் பழைய பட்டன் டெலிபோனைத் திறந்து பாருங்கள், உள்ளே அநேகமாக ஒன்று இருக்கும்.

இந்த எண் ஹாம்களுக்கென்று ஒதுக்கிய 80 மீட்டர் அலைவரிசைக்குள் தற்செயலாக விழுந்துவிட்டது. 'சால்டர்ஸ்மோக்' என்ற ஒலிப்பதிவுத் தொடரை நடத்துபவர், மைட்டி மைட் கட்ட முன்வருகிறவர்களுக்கு இந்தக் கிரிஸ்டலை இலவசமாகத் தபாலில் அனுப்பிய காலம் உண்டு. டி.வி. பெட்டிக்குள் அடைபட்ட கிரிஸ்டல்களை விடுவிக்கும் சேனை என்று அந்தக் கூட்டம் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. கட்டி முடித்து முதல் அலை கிளம்பும் கணத்தை அவர்கள் 'அதிர்வின் ஆனந்தம்' என்று சொல்வார்கள். அனுபவித்தவர் வைத்த பெயர்.

கட்டுவது எதன்மேல்? கிட்டோடு வரும் அச்சிட்ட பலகையில் ஆர்1, ஆர்2, சி1 என்று எல்லாம் எழுதியிருக்கும். எழுதிய இடத்தில் எழுதிய உறுப்பைச் செருகினால் வேலை முடிந்தது. எனக்கு அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல இருக்கிறது. வெறும் காப்பர் போர்டு ஒரு துண்டு வாங்குங்கள். அதன் ஓர் ஓரத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, மீதிப் பலகையின்மேல் பசைபோட்டு ஒட்டினால் ஒவ்வொன்றும் ஒரு தீவு. தீவுக்கும் தீவுக்கும் நடுவே உறுப்புகள் பாலமாக நிற்கும். கீழே விரிந்த செம்பு முழுவதும் நெகட்டிவ். இப்படிக் கட்டினால் சர்க்யூட் படமும் எதிரில் இருக்கும் பொருளும் ஒன்றாகிவிடும்; எது எதோடு பேசுகிறது என்பது மேலிருந்து பார்த்தாலே தெரியும். பிழையைத் தேடவும் சுலபம், திருத்தவும் சுலபம். துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பிரெட்போர்டு ரேடியோவுக்கு நல்ல நண்பனல்ல. அதன் வரிசைகளுக்கு இடையே நாம் போடாத கண்டென்சர்கள் ஒளிந்திருக்கும்.

ரெசிஸ்டர்களை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 ஆயிரம் ஓம், அது பேஸுக்கு. சிவப்பு, ஊதா, கறுப்பு என்றால் 27 ஓம், அது எமிட்டருக்கு. டிரான்சிஸ்டர், மூலப் படத்தில் 2என்3053. நம் ஊரில் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது எஸ்.எல்.100 என்ற தகரத் தொப்பி டிரான்சிஸ்டரில். எனக்கு அதன்மேல்தான் பிரியம். ஒன்று கவனியுங்கள். தொப்பிதான் அதன் கலெக்டர். அதில் ஏதாவது உலோகம் பட்டால் சர்க்யூட்டில் பட்டது மாதிரி. வேலை செய்யும்போது சூடேறும், ஆகவே நட்சத்திர வடிவ அலுமினியத் தொப்பி ஒன்றை அதன்மேல் மாட்டிவிடுவது நல்லது.

பற்றவைக்கும்போது அயர்ன் முனையால் ஈயத்தை உருக்கி இணைப்பின்மேல் சொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். முறை அதுவல்ல. முனையை இணைப்பில் வைத்து, செம்பும் கம்பியும் சூடேறும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைக் காட்ட வேண்டும். 60-க்கு 40 வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், 190 வாக்கில் முழுக்க நீராகும். கம்பியின் நடுவே ஓடும் பைன் பிசின் முதலில் உருகிச் செம்பின் அழுக்கை எடுக்கும்; பின்னாலேயே ஈயம் பாயும். அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும். உருண்டையாக நின்ற ஈயம் சட்டென்று தட்டையாகி, செம்பின்மேல் எண்ணெய்போலப் படர்ந்து, கம்பியின் காலைச் சுற்றி உள்வளைந்து ஏறும். அயர்னை எடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால் பளபளவென்று உறையும். அசைந்துவிட்டால் சாம்பல் பூத்துப் பொருக்காக நிற்கும். அதை மறுபடி சூடாக்கித்தான் ஆக வேண்டும். பிசின் புகை மணக்கும், ஆனால் மூச்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

கேங் கண்டென்சர் கிடைப்பது இப்போது சிரமம். பழைய ரேடியோக்களில் ஸ்டேஷன் மாற்றும் குமிழைத் திருப்பினால் உள்ளே விசிறிபோல விரிந்து மடங்கும் அலுமினியத் தகடுகள்தான் அது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், அதன் பக்கத்துச் சந்துகளான நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவிலும் பழம்பொருள் குவியலுக்குள் தேடினால் அகப்படும். ஒன்றைக் கையில் எடுத்தால் திருப்பிப் பாருங்கள். தகடு தகட்டில் உரசாமல், மயிரிழை இடைவெளியில், சத்தமில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். காயிலும் இதுவும் சேர்ந்துதான் டிரான்ஸ்மிட்டரின் தொண்டை. திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சக்தி சரசரவென்று ஏறி உச்சிக்குப் போய், தாண்டினால் இறங்கும்.

எல்லாம் முடிந்தது. ஆண்டெனா மாட்ட வேண்டாம். வெளியீட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து 50 ஓமாக்கிக் கட்டுங்கள். வரும் சக்தியை அது வெப்பமாக்கி விழுங்கிவிடும். பக்கத்தில் 3.5 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கும் பழைய ஷார்ட் வேவ் ரேடியோ ஒன்றை வையுங்கள். முள்ளை 3.58-க்குக் கொண்டுபோனால் மழைபோல இரைச்சல் கேட்கும். இப்போது சாவியை அழுத்துங்கள்.

சத்தம் வராது. சத்தம் நிற்கும். இரைச்சல் அப்படியே அமுங்கி, அறைக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஓர் அமைதி வரும். சாவியை விட்டால் மறுபடி மழை. நீங்கள் அனுப்பிய அலையில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. ரேடியோவுக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அலை வலுவாக வந்து நிறைந்துவிட்டதால் காற்றின் இரைச்சலுக்கு அங்கே இடமில்லை. கச்சேரியில் தம்புரா சேர்ந்து நின்றதும் அரங்கம் அடங்குமே, அந்த அடக்கம். இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த கணத்தைச் சொல்லச் சொன்னால், கேட்ட எந்த ஒலியையும் சொல்ல மாட்டேன், இந்த அமைதியைத்தான் சொல்வேன்.

மோர்ஸைச் சுரமாகக் கேட்க வேறு வகை ரிசீவர் வேண்டும். அதில் கேட்டால் குழலோசைபோல வரும். உற்றுக் கேட்டால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன வழுக்கல் தெரியும். சாவி அழுந்திய கணத்தில் அதிர்வு தன் இடத்துக்கு வந்து சேருவதற்குள் இம்மியளவு நழுவுகிறது. குருவி கீச்சிடுவதைப் போலிருப்பதால் ஹாம்கள் அதைக் கீச்சு என்பார்கள், குறையாகவே கருதுவார்கள். குறைதான். எனக்கென்னவோ அது ஜாருபோலக் காதுக்கு இதமாக இருக்கிறது. ஒவ்வொரு மைட்டி மைட்டுக்கும் ஒவ்வொரு கீச்சு.

இளைஞர்கள் பெரும்பாலும் தொடங்குவது இதில் அல்ல, எஃப்.எம். கிட்டில். ஒரே டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மைக், 9 வோல்ட் பேட்டரி, பேனா ரீஃபிலில் சுற்றும் ஐந்தாறு சுற்றுக் காயில். அதில் கிரிஸ்டல் கிடையாது. சுருதியைக் காயிலும் சின்ன கண்டென்சரும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் அது தொட்டாற்சுருங்கிபோல. 100 மெகாஹெர்ட்ஸில் காயிலோடு 25 பிகோஃபேரட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரே ஒரு பிகோஃபேரட் கூடினால் 2 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சுருதி நகரும், ஏனென்றால் நம் கையும் ஒரு கண்டென்சர்தான். காயிலின் சுற்றுகளைத் தீக்குச்சியால் சற்றே விலக்கினால் ஏறும், நெருக்கினால் இறங்கும். கம்பியின் நீளமும் சுற்றின் இடைவெளியும் பக்கத்தில் இருக்கும் மனித உடலும் சர்க்யூட்டின் உறுப்புகள் என்பதை இதைவிட நேராகக் காட்டும் பாடம் வேறில்லை. அப்போது காயில் பக்கம் நாம் மூச்சைக்கூட மெல்ல விடுகிறோம்.

ஆனால் அந்த அலைவரிசை வானொலி நிலையங்களுக்குரியது. உரிமம் இல்லாமல் அதில் ஒலிபரப்புவது குற்றம். விமானங்களின் பேச்சு அதற்கு அடுத்த வீட்டிலேயே, 108-க்கு மேலே இருக்கிறது. கிரிஸ்டல் இல்லாத சர்க்யூட் எங்கே நழுவிப்போய் யார் காதில் இரையும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆர்வலருக்கு உகந்தது மைட்டி மைட்தான் என்பேன். அதிலும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. அது 3.58-இல் பாடும்போதே இரு மடங்கான 7.16-இலும் மூன்று மடங்கிலும் மெல்ல முணுமுணுக்கும். இரண்டு காயிலும் மூன்று கண்டென்சரும் கொண்ட ஒரு வடிகட்டியைச் சேர்த்து அந்த முணுமுணுப்பை அடக்காமல் ஆண்டெனாவில் கட்டக் கூடாது. இன்னும் இரண்டு காயில் சுற்ற ஒரு சாக்கு என்று நான் அதைச் சந்தோஷமாகவே செய்கிறேன்.

கையால் சுற்றிக் கையால் பற்றவைத்த பெட்டிகளுக்கு ஒரு வம்சம் உண்டு. இந்தியாவில் வானொலி என்ற அமைப்பு தலையெடுக்கும் முன்பே, 1924-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர்களது ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பணமில்லாமல் 1927-இல் நின்றுபோனது. கருவியை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு 1930 ஏப்ரலில் மறுபடி நடத்தியது. ஆர்வலர்கள் விட்ட இடத்திலிருந்துதான் நகரத்தின் வானொலி தொடர்ந்தது.

அமெரிக்காவில் டக் டிமா என்பவர் 1976-இல் டூனா மீன் டப்பாவின்மேல் இரண்டு டிரான்சிஸ்டரை வைத்து ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டினார். 'டூனா டின் 2' என்ற அந்தச் சர்க்யூட்டைப் பார்த்து இன்றும் கட்டுகிறார்கள். அவர் கட்டிய முதல் டப்பாவே வெகுகாலம் காணாமல் போய், ஒரு பழஞ்சரக்குச் சந்தையில் அகப்பட்டு, செப்பனிடப்பட்டு மறுபடி வானேறியது. நம் பக்கத்து ஐதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் 'பிட்எக்ஸ்' என்று ஒரு சர்க்யூட்டை உலகுக்குக் கொடுத்தார். பேச்சை அனுப்பவும் வாங்கவும் செய்யும் முழுக் கருவி அது. காயில் சுற்ற வேண்டிய வளையங்கள் இந்தியாவில் எளிதில் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். குழாய் ரிப்பேருக்கு வாங்குகிற வாஷரின்மேல் சுற்றினார்! ஹார்டுவேர் கடை வாஷரிலிருந்து கண்டம்விட்டுக் கண்டம் குரல் போனது. பொருள் இல்லை என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் எப்போதும் அதுதான்.

உரிமம் வாங்குவது பலர் நினைப்பதுபோல மலையல்ல. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். பொது நிலைத் தேர்வில் மோர்ஸும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொல். மைட்டி மைட்டைக் கட்டியவருக்கு அதைப் பழக ஆசை தானாக வரும். தாம் செய்த பெட்டிக்குப் பேசத் தெரிந்த மொழி அது ஒன்றுதானே.

ஒரு வேண்டுகோள். இப்போது வரும் சில கிட்டுகளில் காயிலை ஆலையிலேயே சுற்றி, மெழுகு வைத்து, பலகையில் பொருத்தியும் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் ஈயத்தை இளக்கி அந்தக் காயிலைக் கழற்றிவிடுங்கள். சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கனத்தில் புதுக்கம்பி வாங்கி, ஒரு முனையை ஜன்னலில் கட்டி, நீங்களே ஒரு முறை சுற்றிக்கொண்டு நடந்து வாருங்கள்.